வெறும் கட்டம்

இரண்டரை அங்குல ஆணி ஆறு, ஒரு ஸ்டீல் ஸ்கேல், பேரன் பாதியில் விட்ட கணக்கு நோட்டு ஒன்று. 2018 ஏப்ரல் கடைசியில், ஆண்டாப் ஹில்லில் எங்கள் கட்டடத்தை ஒட்டிய சாலையில் நான் தொடங்கிய ஆராய்ச்சிக்கு மூலதனம் இவ்வளவுதான். தார் ரோட்டில் ஒரு விரிசல். அதற்கு இந்தப் பக்கம் ஓர் ஆணி, அந்தப் பக்கம் ஓர் ஆணி, நடுவில் சரியாக 200 மில்லிமீட்டர். இப்படி மூன்று ஜோடி. தினமும் காலை ஆறரைக்கு இடைவெளியை அளந்து, நோட்டில் கட்டம் போட்டு எழுதி வைப்பேன்.

மும்பையில் யாரும் யாரையும் நின்று பார்ப்பதில்லை என்பார்கள். அறுபத்தெட்டு வயதுக் கிழவன் நடுரோட்டில் குந்தி உட்கார்ந்து ஸ்கேலைப் பிடித்தால் பார்க்கிறார்கள். முதல் நாளே வாட்ச்மேன் ஓடி வந்தார். "பாபுஜி, ஏதாவது விழுந்துவிட்டதா?" என்று இந்தியில் கேட்டார். "இன்னும் விழவில்லை" என்றேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். பால்காரரிடமும் சொல்லிச் சிரித்தார்.

பெயர்கள் எதையும் எழுதப் போவதில்லை. பள்ளம் தோண்டியவர்கள், எங்கள் வளாகம், நான் கடிதம் கொடுத்த அலுவலகம் எல்லாம் பெயரில்லாமலே இருக்கட்டும். எனக்கு யார் மேலும் கேஸ் நடத்தும் வயசில்லை. அந்த இரண்டு மாதம் நான் என்ன பார்த்தேன், எங்கே தப்பு செய்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் நெய்வேலிக்காரன். 1974-இல் சர்வே பிரிவில் சேர்ந்து 2010-இல் ஓய்வு பெற்றேன். முப்பத்தாறு வருஷமும் திறந்தவெளிச் சுரங்கத்தின் ஓரத்தில் நின்று மண் நகர்கிறதா என்று பார்த்ததுதான் வேலை. 2014-இல் மனைவி போன பிறகு மகள் வீட்டுக்கு வந்தேன். முதலில் ஆண்டாப் ஹில் எனக்குப் பிடிக்கவில்லை. மலை என்று பெயர், மலையைத் தேட வேண்டியிருந்தது. மேட்டுச் சரிவில் ஒன்றின் தலைமேல் ஒன்றாக வீடுகள், கீழே கோக்ரி ஆகர். ஆகர் என்றால் உப்பளம் என்று மராத்திக்காரர் ஒருவர் சொன்னார். கிழக்கே வடாலா உப்பளங்கள் வரைக்கும் ஒரு காலத்தில் கடல் வந்துபோன சேற்றுநிலம். மேடு பாறை, பள்ளம் களிமண், இரண்டுக்கும் நடுவில் மனிதன் கொட்டி நிரப்பிய கண்ட மண். இப்படிப்பட்ட இடத்தில் எங்களுக்குப் பழக்கதோஷம் ஒன்று உண்டு. காலடியைப் பார்த்துத்தான் நடப்போம்.

அப்படித்தான் அந்த விரிசலைப் பார்த்தேன்.

தார் ரோட்டில் விரிசல் இல்லாத ஊர் எது? வெயிலுக்கு வெடிப்பது கண்டபடி கிளை பிரிந்து ஓடும். ஆமை ஓடு மாதிரி இருக்கும். அதைப் பற்றிக் கவலையில்லை. பயப்பட வேண்டிய விரிசல் வேறு ஜாதி. பள்ளத்தின் விளிம்புக்கு இணையாக, கிளை இல்லாமல், நிதானமாகப் போகும். இரண்டு முனையும் பள்ளத்தை நோக்கி வளையும். மூன்றாம் பிறை மாதிரி. வெளிப்பக்கம் ஒரு நூல் தாழ்ந்திருக்கும். ஒரு ரூபாய் நாணயத்தை விரிசலின் மேல் வைத்தேன். நாணயம் சாய்ந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் தகரத் தடுப்பு, தகரத்துக்குப் பின்னால் புதிய கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டிய குழி.

தகரத்தில் ஓட்டை இருந்த இடத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஆழம் என்னை மிரட்டவில்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குப் போக அதைவிடப் பல மடங்கு இறங்க வேண்டும். ஆனால் அங்கே ஒரே மூச்சில் இறங்க மாட்டோம். ஒரு பெஞ்ச் வெட்டி, அகலமாகத் தளம் விட்டு, அடுத்த பெஞ்ச். மேலிருந்து பார்த்தால் கோயில் குளத்துப் படிக்கட்டு போல இருக்கும். இங்கே படியே இல்லை. கேக்கில் கத்தி போட்டது மாதிரி நட்டுக்குத்தாக ஒரு சுவர், அதன் தலையில் சாலை, சாலையில் வரிசையாகக் கார்கள். நகரத்தில் படி விட்டு வெட்ட இடமில்லை என்பது நியாயம்தான். அதற்குப் பதிலாக வரிசையாகக் கான்கிரீட் தூண் இறக்கி, பின்னுக்கு இழுத்துக் கட்டி, சுவருக்குப் பின்னால் சேரும் தண்ணீருக்கு வழி விட்டு வெட்ட வேண்டும். அந்தச் சுவரில் ஈரம் கோடு கோடாகக் கசிந்து கருத்திருந்தது. மே மாதம்கூடப் பிறக்கவில்லை. மழை இல்லை. எங்கிருந்து வந்த தண்ணீர்?

தண்ணீர் என்றதும் நெய்வேலி ஞாபகம் வராமல் இருக்காது. ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரித்துண்டு வந்ததிலிருந்து அந்த ஊரின் கதை தண்ணீரோடு பின்னியது. 1957-இல் வெட்டத் தொடங்கி நிலக்கரியைக் கண்ணால் பார்க்க 1961 ஆனது. கடலூர் மணற்கல் ராட்சச பக்கெட் வீலின் பற்களைத் தேய்த்துத் தள்ளும். அதைவிடப் பெரிய எதிரி கரிக்கு அடியில் படுத்திருந்தது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கி முட்டும் ஊற்றுநீர். லாரி டயரில் அடைத்த காற்றின் அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்மண்ணை எடுக்க எடுக்க, கீழே அழுத்திப் பிடிக்க எடை குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் சுரங்கத்தின் தரையே பிய்த்துக்கொண்டு மேலே வந்துவிடும். அதனால் சுற்றிலும் ஆழ்குழாய் இறக்கி இரவும் பகலும் பம்ப் ஓடும். தீபாவளி, பொங்கல், தேர்தல் எதற்கும் நிற்காது.

பெஞ்சுகளுக்கும் மேல்மண் கொட்டிய டம்ப்புகளுக்கும் இதே தண்ணீர்தான் வில்லன். புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் டீக்கடையில் வைத்துப் பாடம் எடுப்பேன். சூடான தண்ணீரில் கழுவிய டம்ளரை ஈர மேடையில் கவிழ்த்து வையுங்கள். யாரும் தொடாமலே டம்ளர் மெல்ல நகரும். டம்ளரின் எடை மாறவில்லை, மேடையும் சாயவில்லை. உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து டம்ளரை ஒரு மயிரிழை தூக்கிப் பிடிக்கிறது. எடையை அது வாங்கிக்கொள்ள, விளிம்பின் பிடிமானம் போய்விடுகிறது. மண்ணுக்குள் தேங்கும் தண்ணீர் செய்வது இதையேதான். மண் துகளும் துகளும் அழுந்தி உரசுவதால்தான் சரிவு நிற்கிறது. நடுவில் தண்ணீர் புகுந்து எடையைத் தான் தாங்கிக்கொண்டால் உரசல் இல்லை. அப்புறம் எவ்வளவு பெரிய மலையும் டம்ளர்தான்.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் விருத்தாசலம் பக்கத்துக் கிராமத்து மனிதர். பெரிய படிப்பில்லை. டம்ப்பின் ஓரத்தில் வரிசையாகக் குச்சி நட்டிருப்போம். தியோடலைட் வைத்து ஒவ்வொரு குச்சியும் முந்தைய நாள் நின்ற இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். 1976 ஐப்பசி மழையில் ஒரு நாள் நான் கேன்டீனிலேயே உட்கார்ந்து, முந்தைய நாள் அளவுகளுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே போட்டு ரெஜிஸ்டரை நிரப்பிவிட்டேன். சாயங்காலம் அவர் ரெஜிஸ்டரோடு வந்தார்.

"பதினாலாம் நம்பர் குச்சி எங்கடா நிக்குது?"

"அங்கதாண்ணே, சரியா நிக்குது. ரெண்டு மில்லிதான் வித்தியாசம்."

"நேத்து சாயங்காலம் டோசர்காரன் அத ஏத்தித் தள்ளிட்டான். இல்லாத குச்சிக்கு அளவு எடுத்த மொத ஆளு நீதான்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பேனாவை எடுத்து நான் எழுதிய பக்கம் முழுவதையும் குறுக்கே அடித்தார். "போவலன்னா கட்டத்த வெறுமன வுடு. வெறும் கட்டத்தப் பாத்தா, இன்னைக்கி யாரும் பாக்கலன்னு அடுத்த ஷிப்ட்டுக்காரனுக்குத் தெரியும். அவன் ஜாக்கிரதயா இருப்பான். நீ எழுதுனது அவன் கண்ண கட்டிடும்." வேல்ஸ் நாட்டு அபர்ஃபான் கிராமத்தைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவரும் அவர்தான். 1966 அக்டோபர் 21-இல், ஊற்றின் மேல் கொட்டி வைத்த நிலக்கரிக் கழிவுமேடு சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் இறங்கியது. 144 பேர் இறந்தார்கள். அதில் 116 பேர் குழந்தைகள். யாரோ ஒரு ஆபீசர் பயிற்சி வகுப்பில் சொன்னதை இவர் அப்படியே மனப்பாடமாக வைத்திருந்தார்.

ஆண்டாப் ஹில்லில் கட்டம் போட்டு எழுத உட்கார்ந்தபோது இந்த மனிதர்தான் பக்கத்தில் இருந்தார் என்று சொல்ல வேண்டும்.

நான் அளக்க உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2016 டிசம்பர் 29 இரவு, ஜார்க்கண்டில் கோட்டா மாவட்டத்து லால்மட்டியா நிலக்கரிச் சுரங்கம். ராஜ்மகல் திறந்தவெளிச் சுரங்கம் என்பார்கள். டம்ப்போடு சேர்ந்து அடித்தரையே நழுவியது. 300 மீட்டர் நீளம், 110 மீட்டர் அகலம் உள்ள பரப்பு 35 மீட்டர் இறங்கிவிட்டது என்றும், நகர்ந்தது 95 லட்சம் கன மீட்டர் என்றும் பிறகு சொன்னார்கள். இரவு ஷிப்ட்டில் இருந்தவர்களில் 23 பேர் போனார்கள். மகள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து டிவியில் அதைப் பார்த்தேன். டிவியில் மண்ணைக் காட்டினார்கள். நான் மண்ணைப் பார்க்கவில்லை, மேலே தப்பி நின்ற விளிம்பைப் பார்த்தேன். அங்கே விரிசல் இருந்ததா, யாராவது அளந்தார்களா என்று என் கண் தேடியது. "அப்பா, சாப்பிட வாங்க" என்று மகள் மூன்று தடவை கூப்பிட்டாளாம்.

மே மாதம் முழுக்க அளந்தேன். தொடக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் விரிய ஐந்து நாள் ஆனது. மாதக் கடைசியில் அதே ஒரு மில்லிமீட்டருக்கு மூன்றரை நாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நடப்பவர்கள் நடந்தார்கள், கார்கள் நின்றன, பையன்கள் என் ஆணிகளை ஸ்டம்ப்பாக வைத்து கிரிக்கெட் ஆடினார்கள். ஆனால் ஐந்து, மூன்றரையாவது சாதாரண விஷயமில்லை. நகர்வது அல்ல, நகர்வதன் வேகம் கூடுவதுதான் அபாயம். புகுசோனோ என்ற ஜப்பானியர் 1985-இல் இதற்கு ஒரு வழி சொன்னார். வேகத்தைத் தலைகீழாக்கி, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை நாள் என்று, வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போ. புள்ளிகள் கோடாக இறங்கிவரும். கோடு பூஜ்யத்தைத் தொடும் நாள்தான் சரியும் நாள். உலகத்துச் சுரங்கமெல்லாம் இதை நம்புகிறது.

மே 31 இரவு பேரனிடம் கிராஃப் ஷீட் வாங்கிக் கோடு போட்டேன். முப்பது நாளில் ஒன்றரை குறைந்தால் மிச்சம் மூன்றரை குறைய எழுபது நாள். ஆகஸ்ட் 9.

அந்தத் தேதியை நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாது. இந்த நோட்டிலேயே எனக்குப் பெரிய வெட்கம் அந்த வரிதான்.

சொசைட்டி கமிட்டியிடம் போனேன். நல்லவர்கள்தான். புகார்கள் முன்பே போயிருக்கின்றன, எனக்கு முன்னால் பயந்தவர்கள் இருந்தார்கள். நான் எண்களோடு போனதால் உட்கார வைத்துக் கேட்டார்கள். கிராஃபைக் காட்டினேன். எப்போது என்று கேட்டார்கள். "இப்படியே போனால் ஆகஸ்ட் 9-க்கு மேல் தாங்காது" என்றேன். அவர்கள் காதில் விழுந்தது வேறு. ஆகஸ்ட் வரை தாங்கும்! எனக்கு முன்னாலேயே ஒருவர் பெருமூச்சு விட்டார். "அப்ப டைம் இருக்கு அங்கிள்" என்றார். மனுவில் என் தேதியையும் சேர்த்து எழுதினார்கள். நானே எடுத்துக்கொண்டு போய் ஓர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கினேன். முத்திரை நன்றாக விழுந்தது.

"இப்படியே போனால்" என்ற இரண்டு சொல்லில் எல்லாம் இருந்தது. மழையில்லாத மே மாதத்து அளவுகளை வைத்துக் கோடு போட்டுவிட்டு, நடுவில் ஜூன் என்று ஒரு மாதம் இருப்பதை ஆபீஸ் பையன் மாதிரி மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதுகூடச் சரியில்லை. தெரியும். கிராஃபில் அழகாக ஒரு தேதி வந்துவிட்டால் மனசு அதைப் பிடித்துக்கொள்கிறது. இல்லாத குச்சிக்கு அளவு எடுத்தவன் நாற்பத்திரண்டு வருஷம் கழித்து வராத மழைக்குத் தேதி கொடுத்தான்.

ஜூன் இரண்டாம் வாரத்தில் பருவமழை இறங்கியது. இரண்டு மூன்று நாளில் ஆணிகள் துள்ளின. அப்புறம் மழை ஓய்ந்து, ஆணியும் அடங்கியது. அந்த ஓய்வு எனக்குத் தெம்பு கொடுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். விரிசலில் யாரோ சிமெண்ட் பால் ஊற்றி அடைத்துவிட்டுப் போனார்கள். ஒரு வகையில் நல்லதுதான், மேலேயிருந்து தண்ணீர் இறங்காது. ஆனால் என் மூன்று ஜோடியில் ஒன்று சிமெண்டுக்குள் போனது. பார்ப்பவர்களுக்கு ரோடு சரியாகிவிட்டது என்று தோன்றியது. நாலு நாளில் சிமெண்ட் பட்டைக்குப் பக்கத்திலேயே புதுசாக ஒரு மயிர்க்கோடு.

ஜூன் 23, சனிக்கிழமை. ஒரே நாளில் 4 மில்லிமீட்டர். மழை திரும்பியிருந்தது. இதற்குக் கிராஃப் வேண்டியதில்லை. கமிட்டிக்காரர் வீட்டு மணியை அடித்தேன். அவர் பனியனோடு வந்து கேட்டுக்கொண்டார். முகத்தில் கவலை வந்தது. "அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூட்டிடலாம்" என்றார். கார்களை மட்டுமாவது எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். எங்கே விடுவது என்று கேட்டார். ஆண்டாப் ஹில்லில் இருப்பவர்களுக்கு அந்தக் கேள்வியின் நியாயம் புரியும். ஒரு காரை நகர்த்தினால் அந்த இடம் அன்றைக்கே போய்விடும். வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையிடம் சொன்னேன். "சரி மாமா" என்று எதிர்க் கேள்வி கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய் வடாலா பக்கம் நண்பர் வீட்டில் விட்டுவிட்டு, நனைந்துகொண்டு நடந்து வந்தார்.

இங்கேதான் சுரங்கத்துக்கும் ஊருக்கும் உள்ள வித்தியாசம். சுரங்கத்தில் மைனிங் சர்தார், ஓவர்மேன் என்று இருப்பார்கள். சம்பளத்தில் பெரியவர்கள் இல்லை. ஆனால் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவர்கள். ஓரிடத்தில் ஆபத்து என்று அவர்கள் கண்ணுக்குப் பட்டால் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியே அனுப்ப வேண்டியது சட்டப்படி அவர்கள் கடமை. மேனேஜரிடம் கேட்க வேண்டியதில்லை, மீட்டிங் வேண்டியதில்லை. 1957-இல் வந்த நிலக்கரிச் சுரங்க விதிகளிலும் சரி, 2017-இல் அதற்குப் பதிலாக வந்ததிலும் சரி, இந்த அதிகாரம் கீழே நிற்பவன் கையில் இருக்கிறது. ஆண்டாப் ஹில் சாலையில் அந்த அதிகாரம் யாரிடம்? விசில் வைத்திருந்தது வாட்ச்மேன் ஒருவர்தான்.

ஜூன் 24, ஞாயிற்றுக்கிழமை. பேரன் பிறந்தநாள். காலையிலேயே மாட்டுங்காவுக்குக் கிளம்பிவிட்டோம். கோயில், பிறகு சாப்பாடு, பூக்கடையில் மகளுக்கு மல்லிகை. கிளம்பும் அவசரத்தில் நான் ஸ்கேலை எடுக்கவில்லை. மழை வேறு. சாயங்காலம் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. மழை குடையை மதிக்கவில்லை. நோட்டில் 24-ஆம் தேதிக் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

விடியற்காலையில் சத்தம் கேட்டு எழுந்தேன். இடி என்று மகள் நினைத்தாளாம். எனக்கு அந்தச் சத்தம் பழக்கம். இடி மேலேயிருந்து உருண்டு வரும். இது கட்டிலின் கால் வழியாக ஏறி வந்தது. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது மாதிரி ஆரம்பித்து, நடுவில் தகரம் கிழியும் சத்தம், பிறகு கார் அலாரங்கள். ஒன்றல்ல, நாலைந்து ஒன்றாக. மண்ணுக்குள்ளிருந்து கேட்கும் கார் அலாரம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. தொண்டையில் துணி அடைத்த மாதிரி. அது ஒவ்வொன்றாக நின்றது.

ஜன்னலில் பார்த்தால் சாலை இல்லை. நான் அளந்த விரிசல்தான் இப்போது ஊரின் விளிம்பு. சொல்லி வைத்த மாதிரி அதே பிறை வளைவு. விளிம்புக்கு இந்தப் பக்கம் இருந்த ஆணி ஒன்று அதன் இடத்திலேயே இருந்ததைப் பிறகு பார்த்தேன். அதன் ஜோடி கீழே, பள்ளத்தில், கார்களுக்கும் தாருக்கும் நடுவில் எங்கேயோ. கார்கள் மூக்குக் குத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக, பாதி புதைந்து கிடந்தன. ஒரு வெள்ளை வண்டியின் வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது.

யாரும் சாகவில்லை. திங்கட்கிழமை விடிகாலை, பள்ளிக்கூட வேன் வரும் நேரமில்லை, பள்ளத்தில் வேலை ஆளில்லை. அதை அதிர்ஷ்டம் என்பேன், வேறு பெயர் கொடுக்க மாட்டேன். மூன்று மணி நேரம் கழித்து அதே இடத்தில் குழந்தைகள் பையோடு நின்றிருப்பார்கள்.

தீயணைப்பு வண்டி, போலீஸ், டிவிக் குடைகள். பள்ளத்தை ஒட்டிய பகுதிகளிலிருந்து ஆட்களைக் கீழே இறங்கச் சொன்னார்கள். மகள் ரேஷன் கார்டு, நகை, பேரனின் புதுச் சட்டை என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டாள். நான் நோட்டை எடுத்துக்கொண்டேன். படிக்கட்டில் பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். திருநெல்வேலிக்காரர், நல்ல மனிதர், மாதம் ஒரு தடவை அல்வா கொண்டுவந்து கொடுப்பார். அவருடைய கார் கீழே கிடந்தது. தவணை கட்டி முடிக்காத கார்.

"ஒங்க மாப்பிள வண்டிய மட்டும் எடுத்துட்டீயளே அண்ணாச்சி. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

நான் பதில் சொல்லவில்லை. அவரிடமும் சொன்னேன் என்று வாதாடியிருக்கலாம். சனிக்கிழமை சாயங்காலம் லிஃப்டில் சொன்னேன். லிஃப்டில் சொன்னது சொன்னதாகுமா? கதவைத் தட்டி, சாவியைக் கொடுங்கள் என்று நின்றிருக்க வேண்டும். அந்த மாதத் தொடக்கத்தில்தான், அவரே கேட்க, ஆகஸ்ட் என்று நான் சொல்லியிருந்தேன்.

செம்பூரில் சொந்தக்காரர் வீட்டில் சில வாரம் இருந்தோம். வழக்குப் பதிவானது, நிபுணர்கள் வந்தார்கள், பள்ளத்தில் மண் நிரப்பிச் சரிவைத் தாங்க வைக்கும் வேலை நடந்தது. அதையெல்லாம் பத்திரிகைகள் எழுதின. என்னிடம் ஒரு கான்ஸ்டபிள் வந்து நோட்டை வாங்கிப் புரட்டினார். மராத்திக்காரர். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து, "இந்தக் கட்டம் ஏன் காலி?" என்று கேட்டார். அன்றைக்குப் போகவில்லை என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மொபைலில் படம் எடுத்துக்கொண்டார். நோட்டைப் பார்த்தவர்களில் அந்தக் கட்டத்தைக் கவனித்தவர் அவர் ஒருவர்தான். என் விருத்தாசலத்து அண்ணனுக்கு அவரைப் பிடித்திருக்கும்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் பிங்ஹாம் கேன்யன் என்று ஒரு செம்புச் சுரங்கம். 2013 ஏப்ரல் 10 இரவு 14 கோடி டன்னுக்கு மேல் பாறையும் மண்ணும் அதன் சுவரிலிருந்து இறங்கியது. நெய்வேலியில் வேலை பார்த்த எங்களாலும் கற்பனை செய்ய முடியாத அளவு. ஒருவருக்கும் காயமில்லை. வாரக்கணக்கில் ரேடார் வைத்து அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேகம் கூடியதும் சில மணி நேரம் முன்னதாக எல்லோரையும் வெளியேற்றினார்கள். இதைச் சொன்னால் உடனே, "ரேடார் இருந்தால் நாமும் செய்வோம்" என்கிறார்கள். எங்களிடமும் அளவு இருந்தது சாமி. மில்லிமீட்டர் வரை இருந்தது. ரேடார் அல்ல, வெளியே போ என்று சொல்ல ஆள்தான் இல்லை.

இந்த ஊரில் இது முதல் தடவையுமில்லை. 2000 ஜூலை 12-இல் காட்கோபர் ஆசாத் நகரில் குன்று சரிந்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் புதைந்தார்கள். 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது சாக்கிநாக்காவில் மேடு இறங்கியது. எங்களுடைய பள்ளத்துக்கு அடுத்த வருஷம், 2019 ஜூலை 2-ஆம் தேதி மலாட் பிம்பிரிபாடாவில் சுவர் சாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள். 2021 ஜூலை 18 அதிகாலையில் செம்பூர் மாகுல் பாரத் நகரில் மறுபடி சுவர். நாங்கள் அடைக்கலம் புகுந்த வீட்டிலிருந்து ஆட்டோவில் போகும் தூரம். மராத்தியில் 'தரட் கோசளலி' என்று ஒரு வாசகம் வைத்திருக்கிறார்கள், சரிவு விழுந்தது என்று. ஒவ்வொரு ஜூலையும் டிவியில் அது ஓடும். எங்கள் சாலையில் கார்கள் போயின. அந்த இடங்களில் கார் வாங்க வசதியில்லாதவர்கள் போனார்கள். மேட்டின் அடியிலும் சுவரின் அடியிலும்தான் வாடகை குறைவு.

எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. குந்தி உட்கார முழங்கால் விடுவதில்லை. அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேலை சொல்கிறேன். மும்பையில் மழை இறங்குவது ஜூன் 10, 11 வாக்கில். அதற்கு முன்னால், மே மாதத்தில் ஒரு சாயங்காலம், உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தாங்குசுவரைப் போய்ப் பாருங்கள். அடியிலிருந்து ஒரு முழம் உயரத்தில் வரிசையாகக் குழாய் ஓட்டை இருக்கும். பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற வைத்தது. எலி வருகிறது, நாற்றம் வருகிறது என்று துணியும் பிளாஸ்டிக்கும் திணித்திருப்பார்கள், சில இடத்தில் சிமெண்டே பூசியிருப்பார்கள். ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்துவிடுங்கள். மேலே தரையில் சுவருக்கு இணையாக விரிசல் ஓடினால் இரண்டு பக்கமும் ஆணி அடியுங்கள். அளந்து தேதியோடு எழுதுங்கள். போகாத நாளில் எழுதாதீர்கள். எப்போது விழும் என்று யாராவது கேட்டால் தேதி சொல்லாதீர்கள். வண்டிச் சாவியைக் கேளுங்கள்.